பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் ஒரு பென்சிலை எடுங்கள்

கேள்வி: சென்னை குரோம்பேட்டையில் அம்மா பெயரில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. 1999-இல் கட்டியது, 880 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் தளம். அப்பா காலமான பிறகு அம்மா கோவையில் என்னோடு இருக்கிறார். வீடு பத்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. தை பிறந்ததும் விற்றுவிடலாம் என்று நினைக்கிறோம். இருபத்தைந்து வருஷத்துச் சாமான் அப்படியே உள்ளே இருக்கிறது. அம்மா ஒரு கரண்டியைக்கூட விட மாட்டேன் என்கிறார். தரகரோ, “எல்லாவற்றையும் காலி பண்ணுங்கள், பெயின்ட் அடித்து மாடுலர் கிச்சன் போட்டால் ஐந்து லட்சம் கூட வரும்” என்கிறார். படுக்கையறைக் கூரையில் ஓர் ஈரத் திட்டு இருக்கிறது. அதையும் பட்டி பார்த்து மறைத்துவிடலாமாம். எனக்குக் கிடைப்பது இரண்டு சனி-ஞாயிறும் டிசம்பர் கடைசியில் எட்டு நாள் லீவும்தான். எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகி, கோவை

பதில்: வணக்கம். உங்கள் தரகர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. காலி செய்யுங்கள் என்றது முக்கால்வாசி சரி. மாடுலர் கிச்சன் வேண்டவே வேண்டாம். ஈரத் திட்டை மறைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

இருபத்தைந்து வயதான ஃப்ளாட்டைப் பார்க்க வருகிறவர் அழகைத் தேடி வருவதில்லை. தண்ணீர் எப்படி, ஒழுகுமா, வெளிச்சம் வருமா, பத்திரம் சுத்தமா என்ற நாலு சந்தேகங்களோடு வருகிறார். வீட்டைத் தயார் செய்வது என்றால் அந்தச் சந்தேகங்களுக்கு வீடே பதில் சொல்லும்படி வைப்பது. சாமான் குவிந்த வீடு பதில் சொல்லாது. சுவரை பீரோ மறைக்கும், ஜன்னலை அட்டைப் பெட்டி மறைக்கும், “இதற்குப் பின்னால் என்னவோ இருக்கிறது” என்ற எண்ணம்தான் வருகிறவர் மனத்தில் தங்கும். புது மினுமினுப்பும் அதே வேலையைத்தான் செய்யும். பழைய வீட்டில் ஒரு கூரை மட்டும் பளிச்சென்று இருந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

எனவே ஈரத் திட்டிலிருந்தே தொடங்குவோம். இது ஐப்பசி, மழை பிடித்துவிட்டது. பெயின்ட் அடிக்க மோசமான காலம், கோளாறைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. முதல் பயணத்திலேயே ஏணி போட்டு ஏறி, திட்டின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். செல்போனில் ஒரு படம். அடுத்த முறை வரும்போது ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு கோடு, இன்னொரு தேதி. இடையில் யாரிடமாவது சாவி இருந்தால், மழை விட்ட மறுநாள் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழைக்குப் பிறகு பெரிதாகி வெயிலில் சுருங்கினால் கோளாறு மொட்டை மாடியில். மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் எப்போதும் நசநசவென்று இருந்தால், மாடித் தொட்டியையும் அதன் குழாய்களையும் சந்தேகியுங்கள். காய்ந்துபோன பழுப்பு வளையம் மட்டும் இருந்து கோடு தாண்டவே இல்லையென்றால் அது பழைய கசிவின் தழும்பு. அதற்கு உள்பக்க வேலை போதும்.

சுவரிலும் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், பூட்டிய அறையின் காற்று ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே சரியாகும்.

அந்தக் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அது கெடுகிற இடங்கள் பெரும்பாலும் மூன்று: ஓடுகளுக்கு இடையிலான சந்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர் இறங்கும் குழாயின் வாய். மூன்றாவதை முதலில் பாருங்கள். வேப்பிலைச் சருகும் பால் கவரும் வாயை அடைத்துக்கொண்டு தண்ணீர் இரண்டு அங்குலம் நின்றால் எந்த மாடியும் கசியத்தான் செய்யும். அதைச் சுத்தம் செய்ய கொத்தனார் வேண்டாம், ஒரு குச்சி போதும். மற்ற இரண்டுக்கும் மழை விட்டு மூன்று நான்கு நாள் நல்ல வெயில் அடித்த பிறகே கை வைக்க வேண்டும். ஈரத் தளத்தின்மேல் பூசிய வாட்டர்ப்ரூஃப் பூச்சு, உள்ளே மாட்டிய நீர் ஆவியாகும்போது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால், பென்சில் கோட்டுப் படங்களோடு குடியிருப்போர் சங்கத்துக்கு இப்போதே எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது சங்கக் கூட்டத்தில் காற்றோடு போய்விடும்.

மறைத்து விற்றால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். பட்டி பூசி மூடிய கசிவு அந்த வகையில்தான் வரும். பென்சில் கோட்டுப் படங்கள், பழுதுபார்த்த ரசீது, அதன் பிறகும் ஒரு மழையைத் தாங்கிய கூரையின் படம் – இந்த மூன்றையும் ஒரு கவரில் போட்டு வைத்து நீங்களே எடுத்துக் காட்டினால், குறையாக இருந்ததே வீட்டுக்கு நற்சான்றாகிவிடும்.

இனி சாமான். முதல் சனி-ஞாயிறில் எதையும் வெளியேற்றாதீர்கள். அந்த இரண்டு நாளும் காகிதத்துக்கும் பீரோவுக்கும் மட்டும். மூலப் பத்திரம், அம்மா பெயரிலுள்ள கிரயப் பத்திரம், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், சொத்து வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை, வீட்டுக் கடன் இருந்திருந்தால் வங்கி கொடுத்த கடன் தீர்ந்த கடிதம் – இவை கையில் வரும்வரை பழைய பேப்பர்காரரை வாசற்படி ஏறவிடக் கூடாது. அசல் பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார், பத்திரிகையில் விளம்பரம், சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். எல்லாம் செய்த பிறகும் வாங்குபவருடைய வங்கி முகம் சுளிக்கும்.

நம் வீடுகளில் முக்கியமான காகிதம் ஃபைலில் இருக்காது. பட்டுப்புடவை மடிப்பில் இருக்கும், பீரோ லாக்கரின் அடித்தட்டில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே இருக்கும், சாமி படத்தின் முதுகில் செருகியிருக்கும், ராமாயணப் புத்தகத்துக்குள் இருக்கும், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்கூட இருக்கும். ஒவ்வொரு புடவையையும் உதறி மடியுங்கள். ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் பாருங்கள். அப்பா பெயரில் பழைய வைப்புநிதி ரசீதோ, காகித வடிவப் பங்குப் பத்திரமோ கிடைத்தால் “காலாவதியாகிவிட்டது” என்று கிழித்துப் போடாதீர்கள். பத்தாண்டு கேட்பாரில்லாமல் கிடந்த வங்கி வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். வாரிசுகள் அந்தந்த வங்கி வழியாகவே கேட்டு வாங்கலாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். “இது வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டால் எந்த அம்மாவும் “வேண்டும்” என்றுதான் சொல்வார். “இதை யாருக்குக் கொடுக்கலாம்?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வது இழப்பு. யாருக்கு என்று முடிவு செய்வது அவருடைய அதிகாரம். தங்கை மகளுக்கு இட்லிக் கொப்பரை, பக்கத்து வீட்டு மாமிக்கு மணைப்பலகை, வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தவருக்குத் தினசரி எவர்சில்வர் என்று அவரே பெயர் சொல்லட்டும். நீங்கள் மாஸ்கிங் டேப்பில் பெயரை எழுதிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டே போங்கள். குரோம்பேட்டைக்கு அவரை வரவழைத்துத் தூசியில் உட்கார வைக்க வேண்டாம். வீடியோ அழைப்பு போதும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், ஒரு அலமாரி. அதற்குமேல் போனால் முடிவெல்லாம் “இருக்கட்டும்” என்றே வரும்.

கொலு பொம்மைகளைப் பொம்மையாக எண்ணாமல் செட்டாக எண்ணுங்கள். கல்யாண ஊர்வலம், தசாவதாரம், செட்டியார் கடை எல்லாம் பிரிந்தால் யாருக்கும் பயனில்லை. மரப்பாச்சியும் கலசச் சொம்பும் அம்மாவிடம் கோவைக்குப் போகட்டும். மற்ற செட்டுகளைக் கொலு வைக்கும் உறவுக்கோ பழகிய குடும்பத்துக்கோ கொடுக்கலாம். மண் பொம்மைக்கு முதலில் உடைவது கழுத்தும் கைவிரலும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு செய்தித்தாள், பிறகு பெட்டியில் நிற்கிற வாக்கில். படுக்கவைத்து அடுக்கினால் கோவை வந்து சேரும்போது கிரீடம் வேறு, கிருஷ்ணர் வேறாக இருக்கும். காகிதக்கூழ் பொம்மைகளை மழை நாளில் ஏற்றாதீர்கள்.

பரணிலுள்ள அண்டா, தவலை, உருளி, குடம் இவற்றை “பித்தளைச் சாமான்” என்று ஒரே குவியலாகப் பழைய பாத்திரக் கடைக்குக் கொடுத்துவிடக் கூடாது. பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றுக்கும் விலை வேறு. பித்தளை மஞ்சள், செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் சிவப்புத் தெரியும், வெண்கலத்தை விரலால் சுண்டினால் ஓசை நீண்டு நிற்கும். ஈயச் சொம்பு இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். ரசம் வைக்கும் ஈயம் வெள்ளீயம். பேட்டரியில் இருக்கும் காரீயம் அல்ல. வெள்ளீயத்தின் விலை பித்தளையைவிடப் பல மடங்கு. கடைக்காரர் காரீயக் கணக்கில் எடுத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஒரு கொக்கித் தராசு வாங்கி, நீங்களே எடை போட்டுக் குறித்து வைத்துவிட்டு இரண்டு கடையில் விலை கேளுங்கள்.

செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள். பழையதற்கு அவர்களே பணம் தருவார்கள். தூக்கும்போது சாயக்கூடாது, உள்ளே அமிலம். மருந்துப் பெட்டியில் பாதரச தெர்மாமீட்டர் இருந்தால் உடையாமல் ஒரு பாட்டிலுக்குள் போட்டு மூடித் தனியே எடுத்து வையுங்கள். பழைய பள்ளி நோட்டுகளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம். இதற்கு மட்டும் உங்களிடமும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது சனி-ஞாயிறின் முடிவில் பரண் காலியாக இருக்க வேண்டும். மற்ற அறைகளைவிடப் பரணை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வீடு பார்க்க வருகிற குடும்பத்தில் ஒருவராவது பரண் கதவைத் திறப்பார். அது காலியாக, உள்ளே வெள்ளையடித்து இருந்தால் “இடம் இருக்கிறது” என்று தோன்றும். மூட்டை பிதுங்கினால், இந்த வீட்டில் இருந்தவர்களுக்கே இடம் போதவில்லை என்று தோன்றும்.

முழுக்கக் காலி செய்யலாமா? வேண்டாம். ஒன்றுமே இல்லாத அறை கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். சுவரின் ஒவ்வொரு கீறலும் பேச ஆரம்பிக்கும். இங்கே கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்று வருகிறவர் மனக்கணக்குப் போட்டுத் திணறுவார். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள். உங்கள் பெரிய படுக்கையறை பத்துக்குப் பதினொன்று என்று வைத்துக்கொள்வோம். ஐந்தடி அகலக் கட்டிலைப் பத்தடிச் சுவரின் நடுவில் தலைமாடு வைத்துப் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி விழும். ஒரு ஆள் தாராளமாக நடக்கலாம். அந்த அறையில் அது ஒன்று போதும். பழைய பீரோவுக்குக் கதவு திறக்கவே இரண்டடி வேண்டும், அது வெளியே போகட்டும். கூடத்தில் ஒரு சோபா அல்லது மர பெஞ்ச், ஒரு சின்ன மேஜை. இரண்டாவது அறையில் ஒரு மேஜை நாற்காலி. சமையலறை மேடையில் அடுப்பைத் தவிர ஒன்றும் வேண்டாம். கூடத்தில் ஊஞ்சல் இருந்தால் கழற்றிவிடுங்கள். பார்க்க அழகுதான், ஆனால் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போகும்போது கூடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

பூஜை அலமாரியில் உள்ளவற்றையும் அப்பாவின் படத்தையும் கடைசி நாளுக்கு விடாமல், முதலிலேயே அம்மாவோடு கோவைக்குச் சேர்த்துவிடுங்கள். இதற்கு மட்டும் ஒரு நல்ல நாள் பார்த்து அவரை அழைத்து வந்து, விளக்கேற்றி, அவர் கையாலேயே எடுத்துக்கொண்டால் மனசும் ஒப்பும். காலி அலமாரியைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமக் கறையும் போக வெள்ளையடித்து விடுங்கள். வாங்குபவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ தெரியாது. அந்த இடத்தில் தன் சாமியை அவர் நினைத்துப் பார்க்க முடிய வேண்டும்.

பெயின்ட். பொங்கலுக்கு முன்னால் சென்னையில் பெயின்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கார்த்திகை பிறக்கும் முன்பே பேசி நாள் குறித்துவிடுங்கள். 880 சதுர அடி என்பது பொதுப் பங்கும் சேர்ந்த கணக்காக இருக்கும். உள்ளளவு ஏறக்குறைய 700 என்றால் சுவரும் கூரையும் சேர்த்து அதைப்போல மூன்றரை மடங்கு, சுமார் 2,400 சதுர அடி அடிக்க வேண்டியிருக்கும். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு நூறு சதுர அடி என்று வைத்தால் 24 லிட்டர்: சுவருக்கு ஏறக்குறைய 17, கூரைக்கு 7. சுவருக்கெல்லாம் ஒரே நிறம், வெள்ளையில் துளி மஞ்சள் கலந்தாற்போல. கூரைக்கு வெள்ளை. அறைக்கு ஒரு நிறம் என்று பிஸ்தாப் பச்சையும் லேவண்டரும் அடித்தால் வீடு துண்டு துண்டாகத் தெரியும். மிச்சமாகும் பெயின்ட்டும் வீண்.

காலண்டர் மாட்டிய ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். காலண்டர் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரியும். ஓட்டையைப் பட்டியால் அடைத்து, காய்ந்ததும் உப்புக் காகிதத்தால் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டுமாவது பிரைமர் அடித்த பிறகு பெயின்ட். பிரைமர் விட்டுப்போன இடம் பெயின்ட்டைக் கூடுதலாக உறிஞ்சி, பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டாகக் காட்டிக் கொடுக்கும். அந்தப் படுக்கையறைக் கூரை டிசம்பரில் காய்ந்திராவிட்டால் அதை விட்டுவிட்டு மற்றதை முடியுங்கள். தை பிற்பாதியில் அடித்தால் போதும். கொஞ்ச நாள் தள்ளிப்போவதால் ஒரு நஷ்டமும் இல்லை. மாசியிலும் மக்கள் வீடு வாங்குகிறார்கள். ஈரத்தின்மேல் அடித்த பெயின்ட் பேரம் பேசும் நாளில் சரியாகத் தோல் உரியும்.

மழையில் உப்பிப் பிடித்துக்கொள்ளும் மரக்கதவை இப்போது இழைக்காதீர்கள். கோடையில் மரம் சுருங்கியதும் விரல் நுழையும் இடைவெளி விழும். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். அது பிசினாகித் தூசி பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். பழுப்பேறிய சுவிட்சுகளை மாற்றினால் செலவு குறைவு, வீட்டுக்குப் பத்து வயது குறைந்தாற்போல் இருக்கும். ஜன்னல் கொசுவலையைக் கழற்றி அலசுங்கள். பத்து மாதத் தூசி படிந்த நைலான் வலை வெளிச்சத்தையும் காற்றையும் நன்றாகவே மறைக்கும். கிழிந்திருந்தால் எடுத்தே விடலாம்.

மாடுலர் கிச்சன் வேண்டாம் என்றேனே, ஏன் என்றால்: இவ்வளவு பழைய வீட்டை வாங்குபவர் சமையலறையைத் தன் வசதிக்கு ஏற்ப எப்படியும் இடித்துக் கட்டுவார். நீங்கள் போட்டதற்கு அவர் விலை தரமாட்டார். மேடைக்கும் சுவருக்கும் இடையிலான சந்தைச் சிலிகான் வைத்து அடையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி வெந்நீரில் சலவை சோடா கரைத்துத் தேய்த்தால் பிசுக்கு விடும். அலுமினிய இறக்கையாக இருந்தால் சோடா வேண்டாம், கறுத்துவிடும், பாத்திரம் கழுவும் சோப்பே போதும். மேடைக்குக் கீழுள்ள அலமாரியில் விரித்த பழைய செய்தித்தாள்களை அள்ளிவிட்டு, கரப்பானுக்கு ஜெல் மருந்தைப் புள்ளி புள்ளியாக வையுங்கள். வைத்த பிறகு ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. ஸ்ப்ரே வாடைக்குக் கரப்பான் ஜெல் பக்கமே வராது, இரண்டும் வீணாகும்.

குளியலறையில் உங்கள் பகுதியின் போர் தண்ணீர் விட்ட வெள்ளை உப்புதான் முதல் எதிரி. கால் லிட்டர் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து, துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். குழாய் முனையிலுள்ள சல்லடையைத் திருகிக் கழற்றி அதிலேயே ஊறப்போடுங்கள். வேகம் குறைந்த குழாய்களில் பலவற்றுக்கு அடைத்த சல்லடைதான் காரணம். வருகிறவரோ தண்ணீரே வராத வீடு என்று நினைத்துவிடுவார். இந்தக் கரைசல் மொசைக், மார்பிள் தரையில் படக் கூடாது, பளபளப்பை அரித்துவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்று யாராவது வந்தால் கழிப்பறைக் கோப்பையோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிட்டால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பூட்டிய வீட்டுக்கே உரிய ஒரு வாடை இருக்கிறது. தரைச் சாக்கடை வாயிலும் சிங்குக்கு அடியிலும் வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். கழிவுநீர்க் குழாயின் காற்றை மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டைப் பூட்டிப் போட்டால் அது ஆவியாகிவிடும். பிறகு வாடையும் வரும், கரப்பானும் ஏறி வரும். ஒவ்வொரு வாயிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள், வெஸ்டர்ன் டாய்லெட்டை ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது தரை வாய்களில் தண்ணீருக்குமேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது தாமதமாகும். பீரோவிலிருந்து அந்துருண்டைகளை எடுத்துவிடுங்கள். வாடையை அமுக்கச் சாம்பிராணியோ கனமான ஊதுபத்தியோ வேண்டாம். எதையோ மூடுகிறார்கள் என்று மூக்கு உடனே கண்டுபிடிக்கும்.

படம் எடுப்பதைச் சாமானெல்லாம் போய், பெயின்ட் காய்ந்த பிறகு ஒரே காலையில் முடியுங்கள். செல்போனை நெஞ்சு உயரத்தில், படுக்கைவாட்டில், செங்குத்துக் கோடுகள் சாயாமல் பிடித்து, அறை மூலையிலிருந்து எடுங்கள். 0.5 என்று காட்டும் அகலக் கோணம் வேண்டாம். படத்தில் கல்யாண மண்டபமாகத் தெரிந்த கூடம் நேரில் கூடமாகத் தெரிந்தால் வந்தவர் அங்கேயே வாடிப்போவார். மின் மீட்டர் எண், பத்திரம், சாவிக்கொத்து எதுவும் படத்தில் விழ வேண்டாம்.

ஆட்கள் பார்க்க வரும் நாளில் அரை மணி முன்னால் போய் எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஒரே அறையில் ஒரு விளக்கு மஞ்சளாகவும் இன்னொன்று நீலவெள்ளையாகவும் எரியக் கூடாது. நம் ஊரில் வருகிறவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நுழைகிறார் என்பதை மறக்காதீர்கள். அவர் பாதம் உணர்வதைக் கண் பிறகு சரிக்கட்ட முடியாது. பெருக்காத மணலும், பினாயில் அதிகம் ஊற்றித் துடைத்த பிசுபிசுப்பும் முதல் அடியிலேயே தெரிந்துவிடும். பினாயில் போட்டு ஒரு தடவை, பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை மாற்றித் துடையுங்கள். அறை அறையாகப் பின்னாலேயே போய் விளக்காதீர்கள். கூடத்து மேஜையில் ஒரே ஒரு தாளை வையுங்கள்: போர் தண்ணீர் எப்படி, குடிதண்ணீர் எப்போது வரும், சங்கத்துக்கு மாதம் எவ்வளவு, சொத்து வரி எவ்வளவு, பிரிக்கப்படாத நிலப் பங்கு (கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் ஃப்ளாட்டுக்கு உரிய பங்கு) எத்தனை சதுர அடி, கூரையில் என்ன பழுது எப்போது பார்த்தது. தண்ணீர் உப்பு என்றால் உப்பு என்றே எழுதுங்கள். அவர் கீழ்வீட்டில் எப்படியும் கேட்கத்தான் போகிறார்.

தரகர் சொன்ன ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள். அதே தெருவில் அதே வயதுள்ள ஃப்ளாட் சமீபத்தில் என்ன விலைக்குப் பதிவானது என்று அவர் காட்டினால் பேசலாம். இல்லையென்றால் அது வெறும் பேச்சு.

அட்வான்ஸ் வாங்கும்போது, ஒப்பந்தத்திலேயே வீட்டோடு எவை விடப்படுகின்றன என்று எண்ணிக்கையோடு எழுதிவிடுங்கள்: ஃபேன் எத்தனை, கீசர் எந்தக் குளியலறையில், டியூப்லைட், திரைச்சீலைக் கம்பி. கட்டிலும் சோபாவும் விடப்படவில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். பதிவு நாளன்று பேரம் மறுபடி தொடங்குவது பெரும்பாலும் ஒரு பழைய கீசரை வைத்துத்தான்.